மலையைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ்

அவருடைய வேலை அடிபட்ட வண்டிகளைப் பார்ப்பது. விபத்தில் சிக்கிய வண்டி பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனம் அவரை அனுப்பும். அலுவலகம் கொடுத்த சின்னக் கேமராவைத் தோள்பையிலிருந்து எடுப்பார். முதலில் நம்பர் பிளேட். பிறகு வண்டியின் நான்கு மூலைகள். பிறகு நசுங்கிய இடம்: தள்ளி நின்று ஒன்று, கிட்டே போய் ஒன்று, மண்டியிட்டு இன்னும் கிட்டே ஒன்று. கடைசியில் கதவைத் திறந்து, ஓடிய தூரம் காட்டும் மீட்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறவில்லை. பட்டறைகளில் நேரில் அவரை சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் நசுங்கல் என்றார்கள். "நசுங்கல் வந்தாச்சு, அந்தப் பின்கதவை மூடு" என்று ஒருமுறை அவர் காதுபடவே ஒருவன் கத்தினான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தார்.

அவரை ஏமாற்ற முடியாது என்று வட்டாரத்தில் பெயர். போன வருடம் தூணில் உரசிய கீறலை இந்த வருட விபத்தோடு சேர்த்துவிடுவது எல்லோரும் செய்கிற காரியம்தான். அவர் கீறலில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுப்பார். உள்ளே அழுக்கு படிந்திருக்கும், அல்லது துரு கிளம்பியிருக்கும். "இது பழைய அடி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வராது. வண்டிக்காரர் கெஞ்சுவார். பட்டறைக்காரர் டீ வாங்கிவரச் சொல்வார். "டீ குடிச்சா கீறல் புதுசாயிடுமா?" என்று கேட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொள்வார்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. மேசை விசிறி, கைக்குட்டை சுற்றிய மைக், ஓரத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க். அந்தக் குரலை ஊரே அறியும். முகத்தை யாரும் அறியமாட்டார்கள். கடையில் நின்று "அரைக் கிலோ வெங்காயம்" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சட்டென்று திரும்புவார். "நீங்க அந்த பஸ் ஸ்டாண்டு..." தெருவில் அவருக்கு மைக் அக்கா என்றே பெயர்.

காலையில் அவர் சொல்லும் முதல் அறிவிப்பு மலைக்குப் போகும் வண்டிக்கானது. கோடையிலும் உச்சி வெள்ளையாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். மேலே போனதும் காது அடைக்குமாம், பிறகு திறக்குமாம். "மலைக்குச் செல்லும் பயணிகள் கவனத்திற்கு" என்று வேலை பார்த்த காலமெல்லாம் சொன்னவர் ஒருநாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை.

"ஊரையே ஏத்தி அனுப்பினேன். நான் மட்டும் கீழயே நின்னுட்டேன்" என்பார்.

வீட்டில் மனைவிதான் பேசுவார். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி எப்போதாவது ஏதாவது முனகுவார். "என்ன?" என்று மனைவி புருவத்தைத் தூக்குவார். "ஒண்ணுமில்லை" என்பார் அவர். நாளில் பலமுறை இது நடக்கும். மகள் சிறுமியாக இருந்தபோது இதையே விளையாட்டாக்கிவிட்டாள். அவள் அம்மாவைப் போலப் புருவத்தைத் தூக்கி "என்ன?" என்பாள். கரடிப் பொம்மை கரகரத்த குரலில் "ஒண்ணுமில்லை" என்று சொல்லும்.

அவர் ஓய்வு பெறவிருந்த வருடம் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். செருப்பு வார் காலில் பதிந்து தடம் விட்டது. இதய மருத்துவர் சோதனைகளைப் பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க டாக்டர். பழைய அடியா புது அடியான்னு பாத்தவுடனே சொல்லிடுவார்."

டாக்டர் சிரித்தார். அவர் மட்டும் தரையைப் பார்த்தார். பழைய அடிதான். வீங்கிய அந்தக் கணுக்கால் எத்தனையோ நாளாக அவர் கண்ணெதிரில்தான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தது.

மருந்துகளை விளக்கிவிட்டு டாக்டர் சொன்னார். "எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா இப்பவே போயிட்டு வந்திடுங்க. தள்ளிப் போடாதீங்க."

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவி, "மலைக்குப் போகலாம்" என்றார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், "அங்க வச்சு என்னை நல்லதா ஒரு படம் எடுங்க" என்றார். "கல்யாணப் படமெல்லாம் தண்ணி புகுந்து போச்சு. அதுக்கப்புறம் எடுத்ததுல எல்லாம் யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி அரை மூஞ்சி. நாளைக்குச் சுவத்துல மாட்டணும்னா அடையாள அட்டையில இருக்கறதைத்தான் பெருசாக்கணும். அதுல நான் திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன்."

"சும்மா இரு."

"சும்மாதான் இருக்கப்போறேன், சுவத்துல. அதனாலதான் பாக்க நல்லா இருக்கணும்னு சொல்றேன்."

செல்போனில் எடுத்தால் போதாதா என்று வேறு ஊரில் வேலையாக இருந்த மகள் கேட்டாள். செல்போனில் எல்லோரும் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். அலுவலகக் கேமரா இருந்தது. அதன் கண் நசுங்கலை மட்டுமே பார்த்துப் பழகியது. அதை மனைவி முகத்துக்கு நேராக நீட்ட அவருக்குக் கை வராது.

அந்தச் சனிக்கிழமை இருவரும் கேமராக் கடைக்குப் போனார்கள். ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் ஒடுக்கமான கடை. அதை நடத்திய பெண் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். பேசும்போதெல்லாம் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தாள். மனைவிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"பயணத்துக்குச் சின்னதா ஒரு கேமரா வேணும்" என்றார் அவர்.

அவள் கறுப்புத் துணியை விரித்து இரண்டை வைத்தாள்.

"சின்னதுல ரெண்டு வகை சார். இது லென்ஸ் உடம்போட ஒட்டினது. கழட்ட முடியாது, மாத்த முடியாது, ஜூமும் கிடையாது. இது கழட்டி மாட்டறது. லென்ஸ் தனித்தனியா வாங்கிக்கணும்."

"எது நல்லது?"

"ஒட்டினது கோட்டுப் பையில போயிடும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கும். உள்ள தூசி போறதும் குறைவு. ஆனா அதுக்கு ஒரே பார்வைதான். பெருசா வேணும்னா நீங்கதான் நடந்து கிட்ட போகணும். நிறையத் தெரியணும்னா பின்னாடி நடக்கணும்."

"பின்னாடி நடக்கறதுல இவர் கெட்டிக்காரர்" என்றார் மனைவி.

"மாட்டறதுல அகலத்துக்கு ஒண்ணு, முகத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம். ஆனா பை கனக்கும். லென்ஸ் மாத்தற நேரத்துல, எதைப் பாக்க நின்னீங்களோ அது போயிடும்." அவள் துணியால் ஒரு மூடியைத் துடைத்தாள். "ஊருக்குப் போயிட்டு வர்றவங்க இங்க வந்து ரெண்டு விதமாத்தான் புலம்புவாங்க. ஒட்டினது வாங்கினவங்க எடுக்க முடியாததைப் பத்தி. மாட்டறது வாங்கினவங்க தூக்கிட்டு அலைஞ்சதைப் பத்தி."

மனைவி அவரைப் பார்த்தார். "நமக்கு எந்தப் புலம்பல் தோது?"

அவர் ஒட்டினதைக் கையில் எடுத்தார். கைக்குப் பழகிய கனம். அலுவலகக் கேமராவும் இந்த வகைதான். இதைவிட மட்டம், அவ்வளவே.

"ஒண்ணு எடுத்துப் பாருங்க சார்" என்றாள் கடைக்காரப் பெண்.

மனைவி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார். அவர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் போனார். பிறகு இன்னோரடி. இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"நம்பர் பிளேட்டு பின்பக்கம் இருக்கு" என்றார் மனைவி.

கடைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததில் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவர் விரல் அழுத்தியது.

திரை முழுக்க மனைவியின் முகம். கிட்டே எடுத்ததால் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கண்கள் நேராக அவரைப் பார்த்துச் சிரித்தன. அவர் பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கினார். கீழிமைகள் நீர் கோத்து உப்பியிருந்தன. உதட்டோரம் ஒரு நீலம். கடை விளக்கின் நிறமாக இருக்கலாம். இன்னும் பெரிதாக்கினார். விளக்கில்லை. போன மாதம் இது இல்லை. இது புது அடி.

"எப்படி இருக்கேன்? குடுங்க பாக்கலாம்."

அவர் விரல் அழிக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. ஆடிடுச்சு."

அன்று அவர்கள் எதையும் வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வாங்கவில்லை. அவர் இரண்டு கேமராக்களின் அளவுக்கும் அட்டையை வெட்டி ஒட்டி, சட்டைப்பையில் ஒன்று மாற்றி ஒன்று போட்டு நடந்து பார்த்தார். லென்ஸ்களின் எடைக்குச் சர்க்கரைப் பொட்டலம் கட்டித் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை போய்வந்தார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், சர்க்கரையை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். எல்லாப் பக்கமும் பார்க்காமல் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஒட்டினதில் கைக்கு அடக்கம் இருந்தது. மாட்டுவதில் பின்னாளில் தேவைப்படக்கூடியது எல்லாம் இருந்தது. ஒட்டினதை வாங்கிவிடலாம் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் கடையில் அந்தத் திரையில் பார்த்த உதட்டோரம் வந்து நின்றது. அந்தக் கேமராவை வாங்கினால் அவ்வளவு கிட்டே போகவேண்டும். போனால் பார்க்கவேண்டும்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது மாடல் வரப்போகிறது என்று சொன்னார்.

"என்னைப் பாக்க வந்தன்னைக்கு, குடுத்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க" என்றார் மனைவி. "இதுக்கு இத்தனை யோசனையா?"

"அன்னிக்கு ஒரே மாடல்தான் காட்டினாங்க."

அவர் வாழ்நாளில் சொன்ன நல்ல வேடிக்கைகளில் அது ஒன்று. மனைவி அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மகள் தொலைபேசியில் கேட்டாள். "இன்னுமா? கேமரா இல்லாம போனா மலை உங்களைத் திருப்பி அனுப்பிடுமாப்பா?"

"பருவம் முடியட்டும். கூட்டம் குறைஞ்சதும் போறோம்."

அவர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு பயணப் பெட்டி பரிசாகக் கொடுத்தார்கள். சின்னக் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெட்டி கூடத்தில் அப்படியே நின்றது. மனைவி அதன் மேல் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டர் நெடுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"மலைக்குப் போறதா சொன்னீங்களே, போயிட்டு வந்தாச்சா?"

"இவர் இன்னும் கேமரா பாத்துட்டு இருக்கார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இனிமே மலை வேண்டாம்மா. உயரத்துல உங்க இதயம் தாங்காது."

"போன தடவை போகச் சொன்னீங்களே?"

"அது போன தடவைம்மா."

வெளியே வந்து மருத்துவமனைப் படியில் இருவரும் நின்றார்கள். மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, "சரி விடுங்க" என்றார். "மைக்ல சொன்னதே நமக்கு விதிச்சதுன்னு வச்சுக்குவோம்." அவர் ஏதோ முனகினார். மனைவி என்னவென்று கேட்கவில்லை. மனைவியின் காதில் விழவில்லையா, கேட்க விருப்பமில்லையா என்று தெரியவில்லை.

மனைவியை வீட்டில் விட்டுவிட்டு அவர் நேராகக் கடைக்குப் போனார்.

"மலைக்கு ஏற முடியாது. கீழ ஏரி ஒண்ணு இருக்கு, சமதரை. அங்கேர்ந்து பாத்தா மலை தெரியும்னு சொல்றாங்க. தூரத்துலதான் தெரியும். அவளையும் மலையையும் சேத்து எடுக்கணும்."

கடைக்காரப் பெண் துடைப்பதை நிறுத்தினாள். "அப்படின்னா ஒட்டினது உதவாது சார். அதுல எடுத்தா மலை பல்குச்சி முனை மாதிரி ஆயிடும். மாட்டறதையும் இந்தத் தூர லென்ஸையும் எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. நீங்க அம்மாவை விட்டு நல்லாத் தள்ளிப் போகணும். அங்கேர்ந்து இதுல பாத்தா அம்மா அளவாத் தெரிவாங்க, மலை எழும்பி வந்து அவங்க முதுகுக்குப் பின்னாடியே நிக்கும். எவ்வளவு தள்ளிப் போறீங்களோ அவ்வளவு கிட்ட வரும்."

"தள்ளிப் போகணும்."

"ஆமா சார்."

இத்தனை வாரம் வராத முடிவு அப்போது வந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

மலைக்குப் போகும் அதே வண்டியில்தான் போனார்கள். ஏரி நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் இப்போது இயந்திரம் அறிவித்தது. மனைவி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து முழுவதும் கேட்டார்.

"மூச்சே விடாம பேசறா. பொறாமையா இருக்கு" என்றார்.

ஏரிக்கரையில் சிமெண்ட் நடைபாதை இருந்தது. பச்சை வண்ணம் உரிந்த இரும்புக் கம்பித் தடுப்பு. கட்டிப்போட்ட மிதி படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஒரு டீக்கடையும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும். தண்ணீருக்கு அப்பால், வயல்களுக்கும் அப்பால், மலை இருந்தது. உச்சியில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளை.

"இவ்வளவு சின்னதா?" என்றார் மனைவி.

"இரு. பெருசாக்கறேன்."

தண்ணீருக்குள் நீண்டிருந்த படகுத்துறையின் முனையில் தடுப்பை ஒட்டி மனைவியை நிறுத்தினார். மனைவி புது நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தலையை ஒதுக்கிக்கொண்டார். "சீக்கிரம் வந்துடுங்க" என்றார். கரை வளைந்து போயிற்று. அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மனைவியும் மலையும் ஒரே கோட்டில் வரும்வரை நடந்தார். திரும்பிப் பார்த்தபோது துறையின் முனையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரிந்தது. காற்றில் முதுகைக் காட்டிக் குனிந்து சின்ன லென்ஸைக் கழற்றினார், பெரியதை மாட்டினார். கண்ணில் வைத்தார்.

மலை எழும்பி வந்திருந்தது. வெள்ளைச் சரிவும் அதில் ஓடிய பிளவுகளும் வானத்தை மறைத்து நின்றன. அதன் அடியில், கை நீட்டினால் பனியைத் தொட்டுவிடும் தூரத்தில், மனைவி. சால்வையின் ஓரத்து நூல்கூடத் தெரிந்தது. கொண்டுவந்துவிட்டோம் என்று அவர் நினைத்தார்.

மனைவி மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தால் உச்சி தலைக்கு நேராக வரும். கையை ஆட்டினார். மனைவி பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"கொஞ்சம் இடது பக்கம்!" என்று கத்தினார்.

லென்ஸுக்குள் மனைவியின் புருவங்கள் உயர்ந்தன. வாய் அசைந்தது. என்ன?

குரல் வரவில்லை. ஒரு பேருந்து நிலையத்தையே நிரப்பிய குரல். காற்று அதைத் துறையிலேயே கொட்டிவிட்டது. அவர் அழுத்தினார்.

"இடது பக்கம்! இடது!"

என்ன?

அழுத்தினார். "என்னைப் பாத்துச் சிரி!" என்று கத்தினார். மனைவி கண்ணைச் சுருக்கிக் கழுத்தை நீட்டி, கையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். என்ன? கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. தடுப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தது தெரிந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். ஒருதரம் அழுத்தியபோது படத்தில் மலை மட்டும் இருந்தது.

அவர் கேமராவை இறக்கினார். துறையின் முனையில் நீலப் புள்ளி தரையோடு இருந்தது.

ஓடினார். தள்ளி வந்த தூரம் முழுவதையும் திரும்ப ஓடவேண்டியிருந்தது. பை இடுப்பில் இடித்தது. போய்ச் சேர்ந்தபோது டீக்கடைக்காரர் மனைவியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவைத் தனியா நிக்கவச்சுட்டு எங்க சார் போனீங்க?" என்றார் கடைக்காரர்.

மனைவி மூச்சு சீராகும்வரை பேசவில்லை. பிறகு கேட்டார். "ஏங்க, அவ்வளவு தூரம் எதுக்குப் போனீங்க? நீங்க என்ன சொன்னீங்கன்னே கேக்கலை."

அவர் திரையைக் காட்டினார். மனைவி கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அட, மேலயே நிக்கறேனே."

"ம்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நாளைக்குக் காலையில திரும்ப எடுக்கலாம்."

மறுநாள் மேகம் இறங்கியிருந்தது. மலை இருந்த இடத்தில் எதுவும் இல்லை. விடுதி அறையில் மனைவி ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். அறைக்குள்ளேயே எடுத்திருக்கலாம். சின்ன லென்ஸ் பையில் இருந்தது, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஓரடிதான். அவர் மேகம் விலகட்டும் என்று காத்திருந்தார். விலகவில்லை. மதியம் வண்டி ஏறினார்கள்.

குளிர்காலம் வருவதற்கு முன் மனைவி இறந்துபோனார். மருத்துவமனையில், காலை உணவு வண்டி வராந்தாவில் உருண்டுகொண்டிருந்த நேரம். அவர் கைகழுவப் போயிருந்தார்.

சில நாள் கழித்து மகள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவர் பின்னால் நின்றார். மலை, அம்மா. மலை, அம்மா. அவள் தள்ளுவது மெதுவாயிற்று. பிறகு நின்றது.

"அப்பா, எல்லாத்துலயும் அம்மா என்னன்னு கேக்கறாங்க."

அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"நீங்க என்னதான் சொன்னீங்க?"

"இடது பக்கம் நகரச் சொன்னேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் நடுவிலேயே உடைந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் தோளில் கையை வைக்கப் போய், நாற்காலி முதுகில் வைத்தார்.

"அடையாள அட்டையில இருக்கறது?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அது வேண்டாம்னு சொல்லியிருக்கா."

"அப்ப இதுலதான் ஒண்ணு எடுக்கணும்."

"ஒரு நாள் பொறு" என்றார்.

மறுநாள் கேமராக் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் அவர் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"முதல் தடவை வந்தப்ப இங்க ஒரு படம் எடுத்தேன். ஒட்டின கேமராவுல."

"ஞாபகம் இருக்கு சார். நம்பர் பிளேட்டு."

"அது கிடைக்குமா?"

"நீங்கதான் அப்பவே அழிச்சிட்டீங்களே."

"அழிச்சதையும் எடுக்கலாம்னு சொல்றாங்களே."

"கேமரா வித்துப்போச்சு. கார்டு என்னோடதுதான், இங்கதான் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் அதுலதான் எடுத்துப் பாத்தாங்க. மேல மேல பதிஞ்சிருக்கும். ஒண்ணும் மிஞ்சாது சார்." அவள் கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். "நல்லாத்தான் வந்ததோ? அம்மா சிரிச்சிட்டு இருந்தாங்களே."

"நல்லாத்தான் வந்தது" என்றார் அவர்.

அதை அவர் ஒருவரிடம் சொன்னது அப்போதுதான்.

வாய் மூடியிருந்த ஒரு படத்தை மகள் தேர்ந்தெடுத்தாள். வாய்தான் மூடியிருந்தது. புருவம் உயர்ந்தே இருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில், அவருடைய நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு அவள் ஊருக்குப் போனாள். கிட்டே போய்ப் பார்த்தால் முகம் புள்ளிகளாகக் கலைந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் சேர்ந்தது.

துக்கம் கேட்டு வந்தவர்களில் ஒரு பட்டறைக்காரரும் இருந்தார். பலமுறை அவரிடம் கெஞ்சி, பலமுறை ஒன்றும் நடக்காமல் திரும்பிய ஆள். கையைக் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். அவரே டீ போட்டுப் பட்டறைக்காரருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மைக் அக்காவை இன்னிக்குத்தான் சார் பாக்கறேன். குரல் மட்டும்தான் தெரியும்" என்றார் பட்டறைக்காரர். "இது அந்த மலைதானே? பனியெல்லாம் தெரியுதே. மேல வரைக்கும் போயிருந்தீங்களா?"

அவர் தன் டம்ளரைப் பார்த்தார்.

"இந்த உடம்போட அவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க பாருங்க. ஆசைப்பட்ட இடத்தைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அது போதும் சார். அதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

படத்தின் ஓரத்தில், சால்வைக்குக் கீழே, படகுத்துறையின் பச்சைக் கம்பி கொஞ்சம் தெரிந்தது. பார்க்கத் தெரிந்தவர் பார்த்திருப்பார். பட்டறைக்காரர் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார் அவர். "மேல வரைக்கும் போனோம்."

பட்டறைக்காரர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு போனார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் மனைவி புருவத்தைத் தூக்கியபடி அவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை" என்றார் அவர்.